காருக்கு எந்த ஸ்பீக்கர்? முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்

திண்டுக்கல் வாசகர் ஒருவரின் கடிதம். வயது 34, தனியார் வங்கியில் வேலை. தினமும் மதுரைக்குக் காரில் போய்வருகிறார். மூன்று வருடம் ஓடிய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கியிருக்கிறார், நீட்டித்த வாரண்டி இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருக்கிறது. கம்பெனி ஸ்டீரியோ, கதவுக்கு ஒன்றாக நாலு ஸ்பீக்கர். "பாட்டு கேட்கிறது ஐயா, ஆனால் பாடுகிறவர் என் கணுக்கால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது" என்கிறார். கடைக்குப் போனால் நாலு கதவுக்கும் காம்போனன்ட் வகை ஸ்பீக்கர், பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ட்ரே என்ற தட்டில் 6×9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒலியின் சக்தியைக் கூட்டும் '1200 வாட்ஸ்' ஆம்ப் ஒன்று என்று 38,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் கையில் இருப்பது 25,000. அவசரத்தில் 3,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். மச்சான் ஒருவர் "காம்போனன்ட் எல்லாம் ஏமாற்று வேலை, கோஆக்சியல் போதும்" என்கிறார். மனைவியின் கவலை வேறு: இரண்டு வயதுக் குழந்தை பின் சீட்டில் உட்காருகிறது, காது என்ன ஆகும்? இதோடு இவருக்கு இரண்டு சந்தேகங்கள். 600 வாட்ஸ் என்று போட்ட ஸ்பீக்கரைக் கம்பெனி ஸ்டீரியோ தாங்குமா? ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடுமா?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணுக்கால் வரிதான். இருபத்தாறு வருடமாகக் கார்களில் ஆடியோ பொருத்துகிறேன், வியாதியை இவ்வளவு சரியாகச் சொன்னவர்கள் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

கதவில் இருக்கும் ஸ்பீக்கர் உங்கள் காலை நோக்கித்தான் பாடுகிறது. தாழ்ந்த ஒலிக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. தவிலின் தொப்பிப் பக்கச் சத்தம் எங்கே கிளம்பினாலும் கார் முழுக்கப் பரவும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலு மீட்டருக்கு மேல், அதாவது உங்கள் காரின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஜால்ராவின் சத்தம் அப்படியில்லை. 5000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏழு சென்டிமீட்டர்தான். டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் போகும். நடுவில் உங்கள் முழங்கால் வந்தால் அங்கேயே நின்றுவிடும். பாட்டில் 'ச', 'ஸ' எழுத்துகளின் கூர்மை இருப்பது இந்தப் பகுதியில்தான். அது காதுக்கு வராததால்தான் பாடகர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

கோஆக்சியல் என்பது தாழ்ந்த ஒலிக்கான வூஃபரின் நடுவிலேயே ஒரு தண்டு வைத்து அதன் மேல் கூர்மையான ஒலிக்கான சின்ன ட்வீட்டரை உட்கார வைத்தது. பெரும்பாலானவற்றில் ட்வீட்டருக்குப் போகும் ஒயரில் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். பழையதைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் மாட்டிவிடலாம். காம்போனன்ட்டில் வூஃபர் தனி, ட்வீட்டர் தனி. எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க கிராஸ்ஓவர் என்று ஒரு சின்னப் பெட்டியும் தனியாக வரும். வூஃபர் கதவிலேயே இருக்கும், ட்வீட்டரை மட்டும் மேலே, காதுக்கு வழிவிடும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, மச்சான் சொல்வது பாதி சரி. கோஆக்சியல் மட்டமான சரக்கு இல்லை. ஆனால் உங்கள் குறை ட்வீட்டர் இருக்கும் இடத்தைப் பற்றியது, அதைக் கோஆக்சியலால் தீர்க்க முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கணுக்காலில் இருக்கிற பாடகர் இன்னும் நன்றாகப் பாடுவார், எழுந்து வரமாட்டார்.

முன் கண்ணாடியை ஒட்டிய முக்கோணத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருப்பதாகவும், உள்ளே ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது ட்வீட்டருக்கென்றே கம்பெனி விட்ட இடம். விலை கூடிய மாடலில் அங்கே ட்வீட்டர் இருக்கும், உங்கள் மாடலில் மூடியை மட்டும் மாட்டிவிட்டார்கள். அதனால் எதையும் துளைக்காமல் அங்கேயே வைத்துவிடலாம். கடையில் "கண்ணாடி ஓரத் தூணில் வைத்தால் அழகாக இருக்கும்" என்பார்கள். உங்கள் காரில் பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்தத் தூணைத் தொட விடாதீர்கள். ஏர்பேக்கோ அதன் இணைப்போ அந்த வழியாகத்தான் போகும். விரியும்போது குறுக்கே இருக்கும் ட்வீட்டர் முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

வாட்ஸ் கணக்கு

600 வாட்ஸ் ஸ்பீக்கர் போட்டால் ஸ்டீரியோவுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ் அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. பெரிய குடம் வைத்ததற்காகக் குழாயில் தண்ணீர் அதிகமாக வராது, குழாய்க்குக் கெடுதலும் இல்லை. அந்த 600-ம் ஒரு நொடிக்கும் குறைவாகத் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தாங்குவது ஆர்எம்எஸ் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 60 என்றோ 70 என்றோ போட்டிருக்கும். அதை மட்டும் படியுங்கள்.

ஸ்டீரியோ விளம்பரங்களில் வரும் '50 வாட்ஸ் × 4' எங்கிருந்து வந்தது தெரியுமா? வண்டி ஓடும்போது பேட்டரியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓம்ஸால் வகுத்தால் கிட்டத்தட்ட 52 வரும். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப்பை முழுக்கத் திணறடித்து, பாட்டு வெறும் கரகரப்பாக மாறும்போது கிடைக்கும் அளவு அது. சுத்தமாக வருவது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 15 முதல் 22 வாட்ஸ் வரைதான். சாதாரணமாகக் கேட்பதற்கு அது போதும் என்பதுதான் வேடிக்கை.

கடைக்காரர் சொன்ன 1200 வாட்ஸ் ஆம்ப்பையும் இப்படியே சோதிக்கலாம். அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 14.4 × 25 என்றால் 360. உள்ளே போவதே 360 வாட்ஸ், அதிலும் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். 1200 எப்படி வெளியே வரும்? கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கிற கணக்கு இது. கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே சக்திக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பது. பெட்டியில் 88 டெசிபல், 91 டெசிபல் என்று இருக்கும். இந்த மூன்று டெசிபல் வித்தியாசம் ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். தனி ஆம்ப் இல்லாமல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் 90-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். இரண்டாவது, ஓம்ஸ். உங்கள் ஸ்டீரியோ 4 ஓம்ஸுக்குச் செய்தது என்றால் 2 ஓம்ஸ் ஸ்பீக்கரை அதில் மாட்டக் கூடாது. ஸ்டீரியோ தாங்குமா என்று நீங்கள் பயப்பட வேண்டியது இந்த இடத்தில்தான்.

கதவுதான் பெட்டி

இதைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இதில் பளபளப்பாகக் காட்ட ஒன்றும் இல்லை. வீட்டு ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியிலிருந்து கழற்றி வெறும் கையில் பிடித்துப் பாட வைத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சுத்தமாகக் காணாமல் போகும். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. காரில் அந்தப் பெட்டி உங்கள் கதவு.

இப்போதே போய் முன்கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று எண்ணெய் டின் மாதிரி சத்தம் வரும். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி மெக்கானிசத்தைப் பழுது பார்ப்பதற்காக விட்டவை, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டியிருப்பார்கள். ஓட்டையும் அதிர்வுமாக இருக்கிற இந்தப் பெட்டியில் இருபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் போட்டாலும் இரண்டாயிரம் ரூபாய்ச் சத்தம்தான் வரும்.

வெளித்தகட்டின் உள்பக்கம் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். மேலே அலுமினியமும் கீழே பியூட்டைல் ரப்பரும் உள்ள ஷீட்டாக இருக்கட்டும். தாரில் செய்தது மலிவாகக் கிடைக்கும், நம் சித்திரை வெயிலில் உருகி வழிந்து நாறும். தகடு முழுக்க ஒட்ட வேண்டும் என்பதில்லை, பாதியை மூடினாலே நல்ல பலன் தெரியும். அப்புறம் உள்தகட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒட்டி முடித்ததும் திரும்பத் தட்டிப் பாருங்கள், 'தொப்' என்று வர வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் அடைக்கவே கூடாது, அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கரைக் கதவில் பிடிக்க வைக்கும் வளையத்தையும் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டிய வளையம் முதல் நாள் அருமையாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் தண்ணீர் குடித்து இட்லி மாதிரி உப்பி, திருகு பிடிப்பு விட்டுவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள்.

போன வருடம் ஒருவர், பேஸுக்கென்றே தனியாக வரும் சப்வூஃபர் வேண்டும் என்று வந்தார். வேறெங்கோ நல்ல ஸ்பீக்கராகத்தான் போட்டிருந்தார், ஆனால் பேஸே இல்லை என்றார். ஸ்டீரியோவில் சத்தத்தை இடம் வலமாகப் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினேன், பேஸ் வந்தது. வலது பக்கம் தள்ளினேன், அங்கேயும் வந்தது. நடுவில் வைத்தால் போய்விட்டது. வலது கதவைத் திறந்து பிளஸ், மைனஸ் ஒயர்களை இடம் மாற்றினேன். மாற்றிப் போட்டிருந்ததால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. கூலி முந்நூறு ரூபாய். சப்வூஃபர் விற்றிருந்தால் எனக்கு நாலு நாள் வியாபாரம், மனசு கேட்கவில்லை. பேலன்ஸைத் தள்ளிப் பார்க்கும் இந்தச் சோதனையை உங்கள் காரை எடுக்கும்போது நீங்களும் செய்து பாருங்கள்.

6×9-ம் குழந்தையின் காதும்

பின் தட்டில் ஓவல் ஸ்பீக்கர் வைக்கும் பழக்கம் அம்பாசிடர் காலத்தது. அதில் பின் தட்டு இரும்புத் தகடு, அடியில் டிக்கி அப்படியே ஒரு பெரிய பெட்டி. அதனால் அந்த ஸ்பீக்கர் அங்கே நன்றாகப் பாடியது. உங்கள் ஹேட்ச்பேக்கின் பார்சல் ட்ரே அழுத்திய அட்டை. ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் ஆடும். டிக்கியைத் திறக்கும்போதெல்லாம் தூக்கி இறக்குவதால் ஒயர் அறுந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கனமான மேக்னட் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் குழந்தையின் தலைக்குப் பின்னால் சரியாகப் பிடிமானம் இல்லாமல் நிற்கும். நீங்கள் சடன் பிரேக் போட்டால் அவை எந்தப் பக்கம் வரும்? உங்கள் காருக்கு 6×9 வேண்டாம்.

பின்கதவு ஸ்பீக்கர்களை மாற்றவே வேண்டாம், கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும். தினமும் காரில் போகிறவர் நீங்கள் ஒருவர், பாட்டு எதிரிலிருந்து வரவேண்டும். சத்தத்தை முன்னும் பின்னுமாகப் பிரிக்கும் ஃபேடரை இரண்டு மூன்று புள்ளி முன்னால் தள்ளி வையுங்கள், குழந்தைக்கும் அது நல்லது. குடும்பமாகப் போகும் நாளில் இன்னும் தள்ளிவிடுங்கள்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. பாட்டு கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். நாலுவழிச் சாலையில் எண்பதில் போனாலே டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்து எழுபது டெசிபலை ஒட்டி வந்துவிடும். அதை அமுக்கத்தான் நாம் வால்யூமை ஏற்றுகிறோம். கதவுக்கு டேம்பிங் போட்டால் வெளிச்சத்தம் கொஞ்சம் குறையும், வால்யூமும் தானாகக் குறையும். குழந்தையின் காதுக்காகச் செலவு செய்ய வேண்டும் என்றால் முதல் செலவு அதுதான். போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, பின் சீட்டில் குழந்தையின் தலை உயரத்தில் வைத்து ஒருநாள் பாருங்கள். துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் ஒரு மதிப்பு கிடைக்கும்.

ஒயர், வாரண்டி, அட்வான்ஸ்

ஒயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் காரின் ஸ்பீக்கர் சாக்கெட்டுக்குப் பொருந்தும் கப்ளர் தனியாகக் கிடைக்கும். ஒரு முனை காரின் ஒயரில் சேரும், மறுமுனை புது ஸ்பீக்கரில் சேரும். ஒயரை வெட்டி டேப் சுற்றினால், நாளை பவர் விண்டோ வேலை செய்யாவிட்டாலும் "வெளியே கை வைத்திருக்கிறீர்கள்" என்று சர்வீஸ் சென்டரில் கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். வாரண்டிப் புத்தகத்தில் மின்சார பாகங்கள் பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள், காரை விற்கும்போது உதவும்.

பின்னாளில் ஆம்ப் போட்டால் பேட்டரியிலிருந்து தனி ஒயர் வரும். பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், இன்ஜின் பக்கத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ஒயருக்கு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். கார் தீப்பிடிப்பது இந்த இடத்தில்தான். கம்பெனியில் வராத பொருளை இன்சூரன்சில் தனியாகச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் திருட்டுப் போனால் ஆம்ப்புக்குப் பணம் வராது.

3,000 அட்வான்ஸ் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, கடை நடத்துகிறவனாகச் சொல்கிறேன். மனசு மாறியதற்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். "6×9 வேண்டாம், பின்கதவு வேண்டாம், அட்வான்ஸை முன்பக்க செட்டில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். வியாபாரம் கையை விட்டுப் போகாது என்றால் ஒப்புக்கொள்வார்கள். பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படித்தான். பேச்சில் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

உங்கள் 25,000

நானாக இருந்தால் இரண்டு தவணையில் செய்வேன். முதலில் முன்கதவுகளுக்கு மட்டும் ஆறரை இன்ச் காம்போனன்ட் ஒரு ஜோடி, எட்டிலிருந்து ஒன்பதாயிரத்துக்குள். இரண்டு முன்கதவுக்கும் டேம்பிங், சுமார் நாலாயிரம். கப்ளர், வளையம், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சொச்சம். பதினைந்தாயிரத்தில் வேலை முடிந்துவிடும். கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள் போட விடாதீர்கள், அங்கே மழைநீர் இறங்கும். டேஷ்போர்டுக்கு அடியில் காய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதில் ட்வீட்டரின் அளவைக் குறைக்க '0', '-3' என்று மாற்றிச் செருகும் ஒரு சின்ன ஜம்பர் இருந்தால், முதலில் '-3'-ல் வைத்துக் கேளுங்கள். முகத்துக்கு அருகே இருக்கும் ட்வீட்டர் முதல் வாரம் இனிக்கும், இரண்டாவது வாரம் தலைவலி கொடுக்கும்.

இப்படியே ஒரு மாதம் மதுரைக்குப் போய்வாருங்கள். போதும் என்று தோன்றினால் மீதிப் பத்தாயிரம் உங்களுடையது. வால்யூம் ஏற்றும்போது குரல் கிழிகிறது என்றால் ஒரு சின்ன நாலு சேனல் ஆம்ப், சேனலுக்கு உண்மையான 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் உள்ளது, வாங்குங்கள். குரல் சரிதான், அடித்தளம்தான் போதவில்லை என்றால் ஆம்ப்புக்குப் பதில் சீட்டுக்கு அடியில் வைக்கும் எட்டு இன்ச் சப்வூஃபர். இரண்டில் எது வேண்டும் என்று இப்போதே என்னாலும் சொல்ல முடியாது, கடைக்காரராலும் சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இனிமேல் ஆம்ப்பே போடப் போவதில்லை, செலவு பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் முடிவானால், மச்சான் சொன்னபடி 91 டெசிபல் பக்கம் உள்ள நல்ல கோஆக்சியல் ஒரு ஜோடியை முன்கதவில் போடுங்கள். அப்போதும் டேம்பிங்கை விடாதீர்கள். பாடகர் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்குமாவது ஏறுவார்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், டோர் பேட் கழற்றியதும் உள்ளே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நல்ல மழைக்கு மறுநாள் டோர் பேடின் அடி ஓரத்திலும் கீழே மிதியடியிலும் கை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். அன்றைக்கே காரைக் கடையில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.